வெளுத்துப்போன கருகமணி

நம் பட்டறை மேசையில் பாசித் தட்டுகளுக்கு நடுவே யாரும் பூசிக்கொள்ளாத ஒரு சென்ட் பாட்டில் நிற்கிறது. அதன் பக்கத்தில் தட்டார் கடையில் வாங்கிய ஒரு சின்னச் சுத்தியல். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருத்தியும் முதல் வாரத்திலேயே அதைக் கவனித்துவிடுவாள். போன மாதம் வந்த ஒருத்தி, "பெரியக்காவுக்கு இன்னும் மாப்பிள்ளை பாக்குறாங்களா?" என்று என்னைப் பற்றிக் காதோடு கேட்டாளாம். பக்கத்தில் இருந்தவள், "சென்ட் மாப்பிள்ளைக்கு, சுத்தியல் மாமியாருக்கு" என்றாளாம். என் காதுக்கும் வந்தது. நல்லாத்தான் சொல்லியிருக்கிறாள். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் முடிந்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு.

ஊசிக்காது இரண்டாகத் தெரிய ஆரம்பித்த அன்றைக்கே நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இனி பேச்சுதான் என் வேலை. அதனால் அந்தப் பாட்டிலும் சுத்தியலும் மேசைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளா. பின்னல் எப்படிப் போடுவது என்று இதில் ஒன்றும் இருக்காது. அது உங்கள் விரலுக்கே வந்துவிடும்.

எனக்கு இந்தத் தொழிலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருவையாற்றுப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போன குடும்பம் எங்களுடையது. தஞ்சாவூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் அறுந்த பாசிமாலைகளைக் கோர்த்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து வந்த, மணியால் பின்னிய கைப்பை ஒன்று ஓரம் பிரிந்து கடைக்கு வந்தது. ஓரத்தை மட்டும் தைத்துக் கொடுத்திருக்கலாம். நான் முழுப் பையையும் பிரித்துவிட்டேன். கோலத்தில் இடுக்குப் புள்ளி வைப்போமே, அதே மாதிரி இரண்டு மணிக்கு நடுவிலிருந்த சந்தில் அடுத்த வரிசை மணி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய பை முழுக்க ஒரே நூல். மறுபடி அதே மாதிரி பின்னி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் நான் பாசி கோர்க்கிறவள் இல்லை, பின்னுகிறவள்.

பிறகு ஸ்டோரில் கூட வேலை பார்த்த வசந்தாவும் நானும் சேர்ந்து கீழவாசல் சந்து ஒன்றில் சின்னதாகக் கடை போட்டோம். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம் அது. வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சவுதி, சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். விமான நிலையத்தில் எல்லோர் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும், அடையாளத்துக்கு ஏதாவது வேண்டும் என்று ஒருவர் கேட்கப்போய், மணியில் கிளி பின்னிப் பெட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். அப்புறம் மீன், நெற்கதிர், பிள்ளையின் பெயர். பெட்டியோடு போன எங்கள் கிளிகள் பார்த்த ஊர்களை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜரினா வந்தார். சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவர், பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். துபாயில் இருக்கும் தம்பிக்கு நிக்காஹ். அவர்கள் வீட்டில் மணமகள் கழுத்தில் கருகமணி கட்டுவது மாப்பிள்ளையின் அக்கா. கருப்புப் பாசியில் கோர்த்த சரம்தான் கருகமணி. நமக்குத் தாலி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

"எங்க வீட்ல எல்லார் கழுத்துலயும் சரமாத்தான் தொங்கும். இந்தப் பொண்ணுக்கு மட்டும் பட்டையா, கழுத்தை ஒட்டினாப்புல வேணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேதாரண்யத்துல உப்பு லாரி ஓட்டுறவரு மக. எங்க பெரியம்மாவுக்கு இந்தச் சம்பந்தமே புடிக்கல. நான் புடிச்ச புடியில நின்னு முடிச்சிருக்கேன். பாத்து செஞ்சு குடுங்க."

பார்த்துத்தான் செய்தேன். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

விமானத்தில் போய்ப் போய் வந்து சாமான் கொண்டுவருகிறவர்களைக் குருவி என்பார்கள். அப்படி ஒரு குருவி கொண்டுவந்த கருப்புப் பாசி அப்போது எங்களிடம் இருந்தது. அதற்கு முன் நாங்கள் கண்ட பாசியெல்லாம் ஒன்று தடி, ஒன்று ஒல்லி, ஒன்றில் துளையே இருக்காது. இது அப்படி இல்லை. ஆயிரம் மணியை வரிசையாக வைத்தாலும் ஒன்று இன்னொன்றைவிட ஒரு மயிரிழை கூடாது, குறையாது. தட்டில் கொட்டினால் தண்ணீர் மாதிரி ஓடும். வேலையை விட்டுவிட்டு நான் அதைக் கொட்டுவதும் அள்ளுவதுமாக உட்கார்ந்திருப்பேன்.

சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கும் ஒருவர், மகளுக்கு வளையல் வாங்க வந்தவர், நான் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். "உள்ள என்ன நெறம்?" என்றார்.

"கருப்புதாங்க. வேறென்ன?"

"ஒடச்சுப் பாத்தீங்களா?"

"இதைப் போயா? மனசு வருமா?"

அவர் சிரித்தார். "எங்க வேலையில மண் அச்சை ஒடச்சாத்தான் சாமி மொகத்தையே பாக்க முடியும். ஒடைக்க மனசு வரலன்னு எவனாவது உக்காந்தா, கடைசி வரைக்கும் மண்ணைத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கணும்." வளையலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பேச்சை ரசித்து வசந்தாவிடம் இரண்டு முறை சொன்னேன். மணியை மட்டும் உடைக்கவில்லை.

பட்டை அருமையாக வந்தது. ஐந்து மணி அகலம், தொட்டால் பாம்புத் தோல் மாதிரி நெளியும். இரண்டு முனையிலும் பின்னிய நூல்கயிறு, பிடரியில் முடிச்சுப் போட. நிக்காஹ் முடிந்தது. மறுநாளே ஜரினா சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டதாகத் தெரிந்தது.

ஐந்தாவது நாள் கடையில் ஹேர்கிளிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"கல்யாணமாயி முழுசா ஒரு வாரம் ஆகல, கருகமணி வெளுத்துப்போச்சாம்டி!"

"போடி, கருகமணி எங்கயாச்சும் வெளுக்குமா?"

"கண்ணால பாத்தேங்குறேன். சாம்பலாட்டம் இருக்கு. பொண்ணு காலெடுத்து வெச்ச நேரம்னு அவங்க பெரியம்மா தெருவெல்லாம் சொல்லுது. சனிக்கெழம மாப்பிள்ளைக்கு ஃபிளைட்டு. அதுக்கு முன்னாடி பொண்ணை வேதாரண்யத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்னு பேச்சு. விட்டா அப்புறம் யாரு கூப்புடப் போறா?"

அவர்கள் போனதும் மீதமிருந்த பாசியைத் தட்டில் கொட்டினேன். தண்ணீரில் ஊறப்போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன், வியர்வை மாதிரி இருக்கட்டும் என்று உப்புத் தண்ணீர்கூட விட்டுப் பார்த்தேன். கருப்பு அசையவில்லை. எனக்கு ஒரு நிம்மதி. வசந்தாதான் வாயைத் திறந்தாள். "துபாய் மாப்பிள்ளைங்க தண்ணியிலயா குளிக்கிறாங்க? சென்ட்டுலல்ல குளிக்கிறாங்க!"

பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் இரவல் வாங்கிவந்து நாலு சொட்டு விட்டு வெள்ளைத் துணியில் தேய்த்தேன். துணி கருப்பாயிற்று. மணி வெளுத்துவிட்டது. தட்டார் கடையில் ஒரு சின்னச் சுத்தியல் வாங்கிவந்து ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளே உமி நீக்கிய அரிசி மாதிரி வெள்ளை. மேலே மெல்லியதாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் நான் மயங்கிக் கிடந்திருக்கிறேன்.

"கேளு" என்றாள் வசந்தா. "ஊர்ல ஒருத்தராவது நம்மளச் சொன்னாங்களா? பாசி வித்தவளைச் சொன்னாங்களா, பின்னுனவளைச் சொன்னாங்களா? நீயா போயி தலையைக் குடுக்காத. கடைக்கு அப்புறம் ஒரு கல்யாண வேலை வராது."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. யாரும் எங்களைச் சொல்லவில்லை. அதுதான் என்னை உட்காரவிடவில்லை. நம் வேலையில் தப்பு நடந்தால் திட்டு நமக்கு வரும், வாங்கிக்கொள்ளலாம். நமக்கு வரவேண்டிய திட்டு வேறொருத்திக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நாம் சும்மா இருப்பது எப்படி? வசந்தாவிடம் இப்படியெல்லாம் அழகாகச் சொல்லத் தெரியவில்லை. "காலைல முதல் பஸ்ஸுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"போயி அடி வாங்கிட்டு வா" என்றவள், மறுநாள் பஸ் ஏறும்போது நான் மறந்துவிட்ட ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

அந்த வீட்டு முற்றத்தில் நல்ல வெயில். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார் வந்து, "யாரும்மா?" என்றார். உள்வாசலில் கதவோரம் ஒரு பெண் நின்றாள். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. நான் பின்னியது, ஒரு இழை பிசகாமல் அப்படியே இருந்தது. நிறம் மட்டும் இல்லை. அங்கங்கே கருப்புத் திட்டு, மற்றதெல்லாம் அடுப்புச் சாம்பல்.

"இதப் பின்னுனது நாந்தாங்கம்மா. தப்பு என்மேல" என்றேன்.

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு வீட்ல சொல்லி அனுப்புனாங்களா? நல்லா பேசுறே."

பதில் பேசாமல் கைக்குட்டையை விரித்து, மீதிப் பாசியை வைத்து, சென்ட் விட்டுத் தேய்த்துக் காட்டினேன். பிறகு ஒரு மணியைத் தரையில் வைத்து, கையோடு கொண்டுபோன சுத்தியலால் உடைத்தேன். வெள்ளைத் தூள்.

"அப்ப எங்க புள்ள போட்ட சென்ட்டுலதான் கோளாறுங்குறியா?" என்றார் பெரியம்மா.

தாயார் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். "அக்கா, நம்ம மார்க்கத்துல சகுனம் கெடையாது, சகுனம் கெடையாதுன்னு மூணு நாளா நான் தொண்டை கிழியச் சொன்னேன். நீங்க கேக்கல. இப்ப சுத்தியல் சொல்லுது, அதையாச்சும் கேளுங்க."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கழுத்துல வெள்ளையா கெடக்குதுல்ல? நாலு பேரு பாக்கத்தானே செய்றாங்க? அதுக்கு என்ன பண்றது?"

"புதுசா ஒண்ணு பின்னிக் குடுத்துடுறேங்க. இதை அவுத்துட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"அவுக்க வேணாம்." அந்தப் பெண் முதல் தடவையாகப் பேசினாள். ரஹ்மத் என்று பெயர். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். "பின்னாடி இருக்கற முடிச்சு ஜரினா மச்சி போட்டது. இந்த வீட்டுக்குள்ள என்னைக் கையைப் புடிச்சுக் கூட்டியாந்தது அவங்க ஒருத்தங்கதான். மணிய மாத்துங்கக்கா. முடிச்சு இருக்கட்டும்."

முடிச்சு இருக்க வேண்டும் என்றால் கழுத்திலிருந்து கழற்றாமலே மாற்ற வேண்டும். புதுப்பட்டையைத் தனியாகப் பின்னிவிடலாம். ஆனால் அதன் இரண்டு முனையையும் பழைய கயிற்றோடு கழுத்திலேயே வைத்துத் தைத்து, அதற்குப் பிறகுதான் வெளுத்ததை வெட்டி எடுக்க முடியும். கயிறு கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது, ஒரு விரல்கூட நுழையாது. அந்த மாதிரி வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை, யாரும் செய்து பார்த்ததுமில்லை. சரி என்றேன்.

"பாசிக்கு எங்க போறது?" என்று நானே கேட்டுக்கொண்டேன். புதுப் பாசி எதையும் நம்பும் நிலையில் நான் இல்லை.

தாயார் முந்தானையை விலக்கினார். அவர் கழுத்தில் மூன்று சரம் கருகமணி. "இதுல ஒரு சரம் எடுத்துக்க. நாப்பது வருஷமா என் வேர்வையப் பாத்துடுச்சு, எண்ணெயப் பாத்துடுச்சு, எம் புள்ளைங்க அத்தா கொண்டுவந்த அத்தனை அத்தரையும் பாத்துடுச்சு. இது வெளுக்காது."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம், பிள்ளைகளா. யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். எனக்கு அந்த சுவாமிமலைக்காரர் ஞாபகம் வந்தது. மயங்கி ஒருமுறை கெட்டாயிற்று. இது முன்னதைவிடப் பெரிய மயக்கம்.

"ஒண்ணை ஒடச்சுப் பாக்கணுங்கம்மா" என்றேன்.

பெரியம்மா வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவும் மறந்தார். ஒருத்தியின் கருகமணியை, அவள் புருஷன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, உடைக்க வேண்டும் என்று வெளியூர்க்காரி ஒருத்தி கேட்கிறாள். தாயார் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சரத்தை அறுத்தார், ஒரு மணியை எடுத்துத் தரையில் வைத்தார், என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தாமே அடித்தார்.

கருப்பு. உள்ளே, வெளியே, தூள்கூடக் கருப்பு. மை மாதிரி விரலில் ஒட்டியது.

"பாத்துக்கம்மா" என்று சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் காலைத் தொட்டிருப்பேன், அவர்கள் வீட்டில் அது வழக்கமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

பழைய பாசி ஆயிற்றே, ஒன்று போல் ஒன்று இல்லை. அப்படியே பின்னினால் பட்டை கோணிக்கொள்ளும். ஒரு தாம்பாளத்தில் பரப்பி அளவு வாரியாகப் பிரித்தேன். சிறியதெல்லாம் இரண்டு ஓரத்துக்கு, பெரியதெல்லாம் நடுவுக்கு. பின்னப் பின்ன, பட்டை ஓரத்தில் ஒல்லியாகத் தொடங்கி நடுவில் தானாக அகலமாயிற்று. அந்த வடிவத்தை நான் யோசிக்கவில்லை. மணிகளே கொடுத்தது. ஒரே அளவு மணியில் அது வரவே வராது. சோறு கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போனது. மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பட்டை தயார்.

ரஹ்மத்தை முற்றத்து வெளிச்சத்தில் முக்காலியில் உட்காரவைத்தேன். அவர்கள் கல்யாணப் பத்திரிகையையே ஒல்லியாக நறுக்கிக் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் செருகினேன். ஊசி வழுக்கினால் முதலில் அதில் குத்தட்டும் என்று. இணைக்க வேண்டிய இடம் காதுக்குக் கீழே இருந்தது. அங்கே பத்திரிகைக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது. என் ஊசி முனைக்கும் அதற்கும் நடுவில் ஒரு நெல் கிடத்தலாம்.

"எச்சில் முழுங்கக்கூடாதும்மா. முழுங்குனா கயிறு ஏறி இறங்கும். முழுங்கணும்னா கட்டை விரலை அசை, ஊசியை எடுத்துடுறேன்."

"ம்" என்றாள்.

"பேசவும் கூடாது."

அதற்கு 'ம்' கூட இல்லை.

முடி வந்து வந்து விழுந்தது. ஒதுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. சுருக்கம் விழுந்த ஒரு கை வந்து அந்தக் கூந்தலை மொத்தமாக அள்ளித் தூக்கிப் பிடித்தது. பெரியம்மா. "நான் புடிச்சுக்கறேன். நீ ஊசியப் பாரு" என்றார், யாரையோ திட்டுகிற குரலில்.

ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் தொடங்கினேன். கட்டை விரல் அசையும் அசையும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அசையவில்லை. அத்தனை வருடம் மணியையே பார்த்து வியந்த நான், அன்றைக்குத்தான் மணி உட்காரும் இடத்தைப் பார்த்தேன். ஊசி தோலை உரசும்போதுகூட அந்தக் கழுத்து பின்வாங்கவில்லை. நரம்பு மட்டும் ஒரே கதியில் துள்ளியது. மூன்று நாளாக ஊர் முழுக்கப் பேசிய கழுத்து அது. அது தன்னை என் கையை நம்பிக் கொடுத்திருந்தது, முந்தி ஒருமுறை தப்புச் செய்த அதே கையை. ஒரு கட்டத்தில் அவள் அசையாமல் இருந்ததே என் கையைப் பிடித்து நிறுத்தியது போலாயிற்று.

கடைசித் தையலை இழுத்து முடிந்தேன். ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. கத்தரியை வெளுத்த பட்டைக்கு அடியில் விட்டேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சாம்பல் நிறப் பட்டை அவள் மடியில் விழுந்தது. பிடரியில் ஜரினா போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. பத்திரிகைத் துண்டை உருவினேன்.

"முடிஞ்சுதும்மா" என்றேன்.

அவளுக்குக் காதில் விழவில்லைபோல. கட்டை விரலை மெல்ல அசைத்தாள்.

"முழுங்கிக்க தாயி, முழுங்கிக்க" என்றேன்.

ரஹ்மத் முழுங்கினாள். அவளுடைய மாமியாரின் நாற்பது வருடக் கருப்பு மணிகள் அத்தனையும் அவள் தொண்டையோடு ஒருமுறை மேலே ஏறி, நடுவில் அகன்று மினுங்கி, ஒன்றுகூட விலகாமல் இறங்கித் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. அவள் தலையிலிருந்து பெரியம்மா இன்னும் கையை எடுக்கவில்லை.